மழை முகாமில் குழந்தைகள்: மனநல ஆதரவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை எந்த மாநகராட்சிப் பள்ளியும் ஒரே ராத்திரியில் நிவாரண முகாமாகிவிடலாம். 2015 டிசம்பரில் அடையாறு கரைமீறியபோது அதுதான் நடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் தேங்கி நின்றபோதும் அதுதான். சாப்பாட்டுப் பொட்டலம் வருகிறது, பால் பாக்கெட் வருகிறது, பெட்ஷீட் வருகிறது. இரண்டு மூன்று நாளில் ஒரு தன்னார்வக் குழுவும் வருகிறது. பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, வெள்ளைத்தாளும் கிரேயானும் கொடுத்து, "தண்ணி வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு வரைங்க பார்க்கலாம்" என்கிறது.

நல்ல மனசோடு செய்வதுதான். இருந்தாலும் செய்யக் கூடாது. நடந்ததை உடனே வாய்விட்டுச் சொல்ல வைத்தால் பாரம் இறங்கிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கிளறிக் கேட்கும் முறை வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குழு சாயங்காலம் கிளம்பிவிடும். கிளறிவிட்ட பயத்தோடு அந்தப் பிள்ளைதான் முன்பின் தெரியாதவர்கள் நடுவே இருட்டில் படுக்க வேண்டும்.

முகாமில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதலில் தேவைப்படுவது கவுன்சலிங் அல்ல. தெரிந்த முகம் பக்கத்தில் இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பாடு, பயமில்லாமல் போய்வரக் கழிப்பறை, விளையாட்டு, தூக்கம், சீக்கிரமாகப் பள்ளி. இவை கிடைத்தால் பலரும் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுகிறார்கள். பகுதி இளைஞர்கள், ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், குடியிருப்போர் சங்கத்தினர் ஆகியோரை மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. மனநலப் படிப்பு எதுவும் தேவையில்லை. எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

நான்கு அடுக்கு

பேரிடர்களில் மனநல ஆதரவுக்காக ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007-இல் வகுத்த நெறிமுறை, உதவியை நான்கு அடுக்காகப் பிரிக்கிறது. அடியில் இருப்பது எல்லோருக்குமானது: உணவு, தண்ணீர், பாதுகாப்பு, மானம் காக்கும் ஏற்பாடுகள். அதற்கு மேல் குடும்பத்தையும் அக்கம்பக்கத்தையும் தாங்கிப் பிடிப்பது. மூன்றாவது, பயிற்சி பெற்ற பணியாளர் சில குழந்தைகளுக்குத் தனியாகக் கொடுக்கும் கவனிப்பு. உச்சியில், வெகு சிலருக்கு மட்டும், மனநல மருத்துவரின் சிகிச்சை. தன்னார்வலர்களின் வேலை முதல் இரண்டு அடுக்கில்தான். மூன்றாவதும் நான்காவதும் யாருக்குத் தேவை என்று கண்டுபிடித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வரை நம் பொறுப்பு.

படி 1: செப்டம்பருக்குள் செய்து வைக்க வேண்டியவை

மழை தொடங்கிய பிறகு எதையும் தேட முடியாது. உங்கள் வார்டில் எந்தப் பள்ளி முகாமாகும் என்று மண்டல அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பத்துப் பேர் கொண்ட குழு போதும். அதில் பாதிக்கு மேல் பெண்களாக இருந்தால் நல்லது. ஒவ்வொரு ஷிப்டிலும் இரண்டு பெண்களாவது கட்டாயம். யார் இவர், எங்கே குடியிருக்கிறார், முன்பு குழந்தைகளோடு வேலை பார்த்த இடத்தில் இவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று விசாரிக்காமல் யாரையும் சேர்க்காதீர்கள். குழந்தைகளைத் தேடி வரும் தப்பான ஆட்களுக்குப் பேரிடர் முகாமைப் போல வசதியான இடம் கிடையாது.

எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டிய விதிகள் ஐந்து. எந்தக் குழந்தையோடும் மறைவான இடத்தில் தனியாக இருக்க மாட்டேன். அடிக்க மாட்டேன், மிரட்ட மாட்டேன், சாதி, மதம், நிறம் சொல்லிக் கிண்டல் செய்ய மாட்டேன். குழந்தையின் படத்தை என் செல்போனில் எடுக்க மாட்டேன். நிறைவேற்ற முடியாத வாக்குறுதி கொடுக்க மாட்டேன். சந்தேகப்படும்படி எதைப் பார்த்தாலும் அன்றைக்கே குழுப் பொறுப்பாளரிடம் சொல்வேன்.

நாற்பது குழந்தைகளுக்கு ஒரு டிரங்குப் பெட்டி: பெரிய பிளாஸ்டிக் பாய் 4, ரப்பர் பந்து 4, ஸ்கிப்பிங் கயிறு 4, கேரம் போர்டு 1, கிரேயான் பெட்டி 20, வெள்ளைத்தாள் ஒரு ரீம், சாக்பீஸ் 2 பெட்டி, படக்கதைப் புத்தகம் 30, டார்ச் 4, விசில் 2, மார்க்கர், சேப்டி பின், பதிவு நோட்டு 2, சோப்பு, சீப்பு, நகவெட்டி, சானிட்டரி நாப்கின். சோழி, புளியங்கொட்டை, பாசிமணி போன்றவற்றைத் தனி டப்பாவில் போட்டுப் பூட்டுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை வாயில் போட்டால் மூச்சடைக்கும். பெட்டி இருக்க வேண்டியது மாடியில். தரைத்தள ஸ்டோர் ரூமில் வைத்தால், தேவைப்படும் நாளில் அதுவும் தண்ணீரில்தான் கிடக்கும்.

சுவரில் ஒட்ட ஒரு தாளில் எண்கள்: குழந்தைகள் உதவி 1098, மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416, ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, மாநகராட்சி 1913, அவசர போலீஸ் 112. 1098-உம் 14416-உம் 24 மணி நேரமும் இயங்கும், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

படி 2: முகாம் திறந்த முதல் ஆறு மணி நேரம்

இந்த நேரத்தில் விளையாட்டு வேண்டாம். வாசலில் மேஜை போட்டு, வருகிற ஒவ்வொரு குழந்தையையும் யாரோடு வந்தது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பெயர், வயது, கூட வந்தவர் யார், அவருக்குக் குழந்தையோடு என்ன உறவு, செல்போன் எண், எந்தத் தெரு, எந்தப் பள்ளி, தினமும் சாப்பிடும் மாத்திரை ஏதாவது உண்டா. இவ்வளவு போதும். "மாமா" என்று சொல்லிக் கூட்டி வருபவர் உண்மையிலேயே மாமாதானா என்று பிள்ளையிடமும் தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள்.

மாத்திரைக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடும் பிள்ளையின் மருந்துச் சீட்டும் மாத்திரையும் வெள்ளத்தில் போயிருக்கும். அந்த மருந்து திடீரென்று நின்றால் ஓரிரு நாளிலேயே வலிப்பு திரும்பலாம். முதல் நாளே பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொல்லி மருந்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், சாவிக்கொத்தைக் கையில் கொடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெயரும் பெற்றோரின் எண்ணும் எழுதிய துண்டுச் சீட்டைச் சட்டையின் உள்பக்கம் பின் செய்யுங்கள். வெளியே தெரியும்படி மாட்டினால், யார் வேண்டுமானாலும் பேர் சொல்லிக் கூப்பிட்டு "அம்மா கூப்பிடுறாங்க, வா" என்று கூட்டிப் போய்விட முடியும்.

குடும்பங்களைப் பிரிக்காதீர்கள். ஆண்கள் ஒரு ஹால், பெண்கள் ஒரு ஹால் என்று நிர்வாக வசதிக்காகப் பிரிப்பது உண்டு. அதில் பன்னிரண்டு வயதுப் பையன் தனியாகப் போய்விடுகிறான். முடிந்தவரை ஒரே தெருக்காரர்களை ஒரே வகுப்பறையில் போடுங்கள். பிள்ளைக்குத் தெரிந்த குரல்கள் காதில் விழுந்துகொண்டே இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். அவசர கட்டத்தில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று என்பது சர்வதேச அளவுகோல். ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியமானது உள்தாழ்ப்பாளும் வெளிச்சமும். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் பயந்து பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். பிறகு தலைவலி, எரிச்சல், சிறுநீர்க் கடுப்பு. அதைப் பார்த்து "அதிர்ச்சியில் சோர்ந்து கிடக்கிறாள்" என்று நாம் முடிவு கட்டுவோம். ஒரு தாழ்ப்பாளும் ஒரு பல்பும் போட்டால் தீர்கிற விஷயம் அது.

படி 3: குழந்தையிடம் முதல் பேச்சு

முதலில் பாருங்கள், பிறகு கேளுங்கள், பிறகு தேவையானவரோடு சேர்த்துவிடுங்கள். உளவியல் முதலுதவி என்பது சுருக்கமாக இவ்வளவுதான்.

குழந்தையின் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். நின்றுகொண்டு குனிந்து பேசாதீர்கள். பெயரைச் சொல்லுங்கள்: "என் பேரு கவிதா. இந்த முகாம்ல உங்களையெல்லாம் பாத்துக்க வந்திருக்கேன். உன்னை எப்படிக் கூப்பிடட்டும்?" அம்மா பக்கத்தில் இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டே குழந்தையிடம் பேசுங்கள். தெரியாதவர் தலையைத் தடவுவதும் மடியில் தூக்கி வைப்பதும் எல்லாக் குழந்தைக்கும் பிடிக்காது. கை நீட்டிப் பாருங்கள், அது வந்தால் வரட்டும்.

அடுத்தது, அப்போதைய தேவை. "பசிக்குதா? குளிருதா? பாத்ரூம் போகணுமா?" ஈரச் சட்டையோடு நிற்கிற குழந்தைக்கு மாற்றுச் சட்டை கிடைக்கும் வரை வேறு எந்தப் பேச்சும் காதில் ஏறாது.

பிறகு, அதற்குப் புரிகிற அளவில் உண்மையைச் சொல்லுங்கள். "இன்னிக்கு ராத்திரி இங்கதான் படுக்கப்போறோம். அம்மா உன் பக்கத்துலயே இருப்பாங்க. மழை நின்னதும் பெரியவங்க போய் வீட்டைப் பாத்துட்டு வருவாங்க." எப்போது வீட்டுக்குப் போவோம் என்று கேட்டால், "நாளைக்கே" என்று சொல்லிவிடாதீர்கள். "எனக்கு இன்னும் தெரியல. தெரிஞ்சதும் உன்கிட்ட வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, மறக்காமல் வந்து சொல்லுங்கள்.

குழந்தை தானாக நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் தடுக்காதீர்கள். கேளுங்கள், தலையாட்டுங்கள், "ரொம்ப பயமா இருந்திருக்கும்ல" என்று சொல்லுங்கள். "அப்புறம்? தண்ணி எவ்வளவு வந்துச்சு? பாட்டி எங்க மாட்டிக்கிட்டாங்க?" என்று தோண்டாதீர்கள். பேசாமல் இருந்தாலும் சரி. பக்கத்தில் உட்கார்ந்து பந்தை உருட்டிக்கொண்டிருப்பதும் உதவிதான்.

தவிர்க்க வேண்டிய பேச்சுகள்: "ஆம்பளப் பிள்ள அழலாமா?", "உன்னைவிடக் கஷ்டப்பட்டவங்க எத்தனை பேரு", "நீதான் இனிமே அம்மாவைப் பாத்துக்கணும்", "சும்மா இரு, போலீஸ்கிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்." கடைசியில் உள்ளதால் ஒரு கூடுதல் நஷ்டமும் உண்டு. தொலைந்துபோகும் நாளில் அந்தப் பிள்ளை போலீஸைப் பார்த்து ஓடி ஒளியும்.

பதற்றத்தில் மூச்சு வாங்கி நடுங்குகிற பிள்ளைக்குச் செய்ய வேண்டியது: சத்தம் குறைந்த மூலைக்கு, தெரிந்த பெரியவர் ஒருவரோடு கூட்டிப் போங்கள். இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்கார வையுங்கள். "சூடான டீயை ஊதி ஆத்துவோம்ல, அது மாதிரி மெதுவா ஊது" என்று சொல்லி நீங்களும் கூடவே செய்யுங்கள். உள்ளே இழுப்பதைவிட வெளியே ஊதுவது நீளமாக இருக்க வேண்டும். மூன்று எண்ணி இழுத்து, ஐந்து எண்ணி ஊதலாம். நான்கைந்து முறை ஆனதும், சுற்றிலும் நீல நிறத்தில் என்னென்ன இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் பெரும்பாலும் அடங்கும். கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தால் அடங்காது. ஒருவர் வெளியே நின்று கூட்டத்தைக் கலைக்க வேண்டும்.

படி 4: குழந்தைகளுக்கென்று ஓர் இடம்

இரண்டாம் நாளிலிருந்து தொடங்கலாம். ஒரு வகுப்பறை, அல்லது ஹாலின் ஒரு மூலை. ஜெனரேட்டர், சமையல் அடுப்பு, தேங்கிய தண்ணீர், வாகனம் வரும் கேட் ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். கதவு எப்போதும் திறந்தே இருக்கட்டும்; போகிற வருகிற பெற்றோருக்கு உள்ளே நடப்பது தெரிய வேண்டும்.

ஆள் கணக்கு: 2 முதல் 4 வயது வரை 15 குழந்தைகளுக்கு இரண்டு பெரியவர்; 5 முதல் 9 வரை 20 பேருக்கு இரண்டு; 10 முதல் 12 வரை 25 பேருக்கு இரண்டு; அதற்கு மேல் 30 பேருக்கு இரண்டு. இரண்டு வயதுக்குட்பட்டவர்கள் தாயோடு மட்டுமே வரலாம். ஆள் குறைவாக இருந்தால் நேரத்தைக் குறையுங்கள், கணக்கைத் தளர்த்தாதீர்கள்.

நேரம்தான் இதில் மருந்து. காலை 10 முதல் 12, மாலை 4 முதல் 6 என்று வைத்தால், நான்கு பேர் வந்தாலும் நாற்பது பேர் வந்தாலும் அதே நேரத்தில் திறந்து அதே நேரத்தில் மூட வேண்டும். வீடு, பள்ளி, டியூஷன் எல்லாம் ஒரே நாளில் கலைந்துபோன குழந்தைக்கு, அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டித் தெரிவதே பெரிய நிம்மதி. தன்னார்வலர்களையும் தினம் ஒருவராக மாற்றாதீர்கள். ஒரே நாள் வந்து பலூன் கொடுத்துவிட்டுப் போகிறவர்களைப் பணிவாகச் சாப்பாடு விநியோகப் பக்கம் அனுப்பிவிடுங்கள்.

ஒரு வேளை இப்படிப் போகலாம். முதல் 15 நிமிடம் வட்டமாக நின்று பெயர் சொல்லிப் பாட்டு. அடுத்த 40 நிமிடம் ஓடியாடும் விளையாட்டு: நொண்டி, கொலை கொலையா முந்திரிக்கா, ஒரு குடம் தண்ணி ஊத்தி. உடம்பு களைத்தால் ராத்திரி தூக்கம் வரும். பகலெல்லாம் பாயில் கிடந்த பிள்ளைதான் ராத்திரியில் பயந்து விழிக்கும். பிறகு 40 நிமிடம் கை வேலை: வரைவது, காகிதம் மடிப்பது, களிமண். தலைப்புக் கொடுக்காதீர்கள். வெள்ளத்தை வரைந்தால் வரையட்டும், ராக்கெட் வரைந்தால் அதுவும் சரி. வரைந்ததைப் பார்த்து "இதோட மனசு இப்படி" என்று அர்த்தம் சொல்லாதீர்கள். அது பயிற்சி பெற்றவர்களே தயங்கிச் செய்கிற வேலை. கடைசியில் கதை, மறுபடி பாட்டு, "சாயங்காலம் நாலு மணிக்குப் பாக்கலாம்."

கண்ணாமூச்சியில் கண்ணைக் கட்டும்போதோ, "வெள்ளம் வருது" என்று ஓடும்போதோ ஏதாவது ஒரு குழந்தை உறைந்து நின்றால், விளையாட்டை இயல்பாக மாற்றிவிடுங்கள். குழந்தைகள் தாங்களே வெள்ள விளையாட்டு ஆடுவதுண்டு: படகு, மீட்பு, ஹெலிகாப்டர். அது நல்லது. அதே விளையாட்டைச் சிரிப்பே இல்லாமல் தினமும் தனியாக ஆடிக்கொண்டிருக்கிற பிள்ளையைத்தான் குறித்து வைக்க வேண்டும்.

பதின்ம வயதினர் இந்தப் பாட்டுக்கெல்லாம் வர மாட்டார்கள். அவர்களுக்கு வேலை கொடுங்கள்: தண்ணீர் கேன் கணக்கு, சின்னப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டுவது, அறிவிப்புப் பலகை எழுதுவது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மாணவர்களுக்கு வெளிச்சமுள்ள ஒரு மூலையும் கடன் வாங்கிய பாடப்புத்தகமும் எந்த ஆறுதலைவிடவும் உதவும். சென்னை முகாம்களில் இந்தியோ தெலுங்கோ ஒடியாவோ பேசும் கட்டடத் தொழிலாளர் குடும்பங்களும் இருக்கும். அந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஹாலின் இரைச்சலே பெரும் வதை. மாடிப்படி ஓரமோ ஆபீஸ் ரூமோ, அமைதியான ஓர் இடத்தை அந்தக் குடும்பத்துக்கு ஒதுக்குங்கள்.

படி 5: பெற்றோரைத் தாங்குவது

குழந்தையின் மனநலத்துக்குச் செய்வதில் பாதி, அதன் அம்மாவுக்குச் செய்வதுதான். ரேஷன் கார்டும் நகையும் போன வீட்டில், தூங்காத தாய் சின்னத் தப்புக்கும் அடிப்பார். அவரைத் திட்டிப் பயனில்லை. இரண்டு மணி நேரம் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொண்டால் அவர் குளிப்பார், ஆதார் நகலுக்கு மனு எழுதுவார், கொஞ்சம் கண் அசருவார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் பெற்றோரைக் கூட்டி நான்கு விஷயம் சொல்லுங்கள். படுக்கையை நனைப்பது, விரல் சூப்புவது, காலைக் கட்டிக்கொண்டு விடாமல் இருப்பது, பேய்க்கனவு, காரணமில்லாத வயிற்றுவலி எல்லாம் இந்தச் சமயத்தில் சகஜம். பிள்ளை காதில் விழும்படி செல்போனில் வெள்ள வீடியோ ஓட்ட வேண்டாம். வழக்கமாகப் படுக்கும் நேரத்திலேயே, வழக்கமான பாட்டோ கதையோ சொல்லிப் படுக்க வையுங்கள். பெரியவர்கள் அழலாம், "அம்மாவுக்கு வீட்டை நினைச்சு வருத்தமா இருக்கு, சரியாயிடும், உன் மேல கோவம் இல்ல" என்று காரணத்தை மட்டும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், தன்னால்தான் அம்மா அழுகிறாள் என்று ஐந்து வயதுப் பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

படுக்கை நனைக்கும் பிள்ளைக்கு: படுப்பதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பிருந்து டீ, காபி, அதிகத் தண்ணீர் வேண்டாம், ஆனால் பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். படுக்கும்முன் டார்ச்சோடு கழிப்பறைக்குக் கூட்டிப் போங்கள். பாய்க்கு மேல் பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் பழைய துணி. காலையில் மாற்றுத் துணியை யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிடுங்கள். முகாமில் மற்ற பிள்ளைகள் முன்னால் ஒருமுறை அவமானப்பட்டால், ஒரு வாரத்தில் நிற்க வேண்டியது மாதக்கணக்கில் நீளும்.

தூங்காத பிள்ளைக்கு மெடிக்கலில் தூக்க மாத்திரையோ, தூங்க வைப்பதற்காகச் சளி மருந்தோ வாங்கிக் கொடுக்கக் கூடாது. மந்திரிப்பது, தாயத்துக் கட்டுவது, தர்காவுக்கோ மாதா கோயிலுக்கோ கூட்டிப் போவது குடும்பத்துக்குத் தெம்பு தருமானால் தடுக்காதீர்கள். அடிப்பது, பட்டினி போடுவது, கட்டி வைப்பது என்று போனால் மட்டும் உடனே தலையிடுங்கள்.

படி 6: யாரை மேலே அனுப்ப வேண்டும்

முதல் சில வாரத்துப் பயமும் அழுகையும் இயல்பு. நாள் ஆக ஆகக் குறைந்துகொண்டே வர வேண்டும். ஒரு மாதம் கழிந்தும் குறையவில்லை, அல்லது சாப்பாடு, தூக்கம், விளையாட்டு, படிப்பு எல்லாம் முடங்கிவிட்டது என்றால் நிபுணரிடம் காட்டுங்கள்.

ஒரு மாதம் காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. சாக வேண்டும் என்று சொல்வது அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்வது. சாப்பிடவே மறுப்பது. ஓரிரு நாளுக்கு மேல் பேசாமல், யாரையும் அடையாளம் தெரியாமல் இருப்பது. இல்லாத குரல் கேட்பது. மது, போதைப் பொருள். முன்பே மனநலச் சிகிச்சையில் இருந்து மருந்து நின்றுபோனது. காய்ச்சலோடு குழம்பிப் பேசினால் அது மனப் பிரச்சினை அல்ல, உடனடி மருத்துவ அவசரம்.

பதின்ம வயதுப் பிள்ளை "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று சொன்னால் நேராகவே கேளுங்கள்: "செத்துப்போகலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். எலி மருந்து, பினாயில், மாத்திரை, கயிறு எதுவும் எட்டாதபடி பாருங்கள். பெற்றோரிடம் சொல்லுங்கள், 14416-ஐ அழையுங்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள்.

சென்னையில் போகக்கூடிய இடங்கள்: நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக மாவட்ட மனநலத் திட்டக் குழு, எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு. சீட்டு எழுதிக் கையில் கொடுத்தால் பாதிப் பேர் போவதில்லை. பஸ் ஓடாது, ஒரு நாள் கூலி போகும், "பைத்தியக்கார ஆஸ்பத்திரியா?" என்ற கூச்சம் வேறு. ஒருவர் கூடவே போய், ஓ.பி. சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்க்கும்வரை இருந்து, அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு வந்தால்தான் அனுப்பியதாக அர்த்தம்.

படி 7: சட்டம் குறுக்கிடும் இடங்கள்

பெற்றோரோ உறவினரோ இல்லாமல் ஒரு குழந்தை கிடைத்தால், "நாங்களே வளர்க்கிறோம்" என்று யாராவது முன்வருவார்கள். கொடுக்கக் கூடாது. 1098-க்கோ போலீஸுக்கோ சொல்ல வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். பெற்றோர் வேறொரு முகாமில் தேடிக்கொண்டிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அதனால் சுற்றுவட்டார முகாம்களின் பதிவு நோட்டுகளை முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாலியல் தொல்லை பற்றிக் குழந்தை சொன்னால், நம்புங்கள். "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல" என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள், குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் போலீஸில் தெரிவித்தே ஆக வேண்டும்; மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. முகாமின் பேர் கெட்டுவிடும் என்று மூடி மறைக்கச் சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

நிவாரணம் கொடுக்கிறவர்கள் குழந்தையை நிறுத்திப் படம் எடுப்பதையும், டிவி மைக்கை நீட்டி "அப்பா எப்படி இறந்தார்?" என்று கேட்பதையும் வாசலிலேயே தடுங்கள்.

வீட்டில் ஒருவர் இறந்திருந்தால்

செய்தியைக் குழந்தைக்கு மிக நெருக்கமானவர் சொல்ல வேண்டும். தன்னார்வலர் அவருக்குத் துணையாகப் பக்கத்தில் இருக்கலாம். தள்ளிப்போடாதீர்கள், முகாமில் யாராவது சொல்லிவிடுவார்கள். நேரான வார்த்தைகள் போதும்: "அப்பா இறந்துட்டாங்க. அவங்க உடம்பு இனிமே வேலை செய்யாது. திரும்பி வர மாட்டாங்க." "தூங்குறாங்க" என்றால் பிள்ளை தூங்கப் பயப்படும். "ஊருக்குப் போயிருக்காங்க" என்றால் கேட்டருகே காத்திருக்கும். "சாமி கூப்பிட்டுக்கிட்டாரு" என்றால் தன்னையும் கூப்பிடுவாரோ என்று நடுங்கும்.

சின்னப் பிள்ளைகள் ஐந்து நிமிடம் அழுதுவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். துக்கம் இல்லை என்று அர்த்தமில்லை. ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்பார்கள், பத்து முறையும் அதே பதிலைச் சொல்லுங்கள். "நான் கூப்பிட்டதாலதான் அப்பா தண்ணிக்குள்ள இறங்குனாரா?" என்பது போன்ற குற்ற உணர்ச்சி ஏழெட்டு வயதுப் பிள்ளைகளிடம் அடிக்கடி இருக்கும், பெரும்பாலும் வெளியே வராது. கேட்காமலே சொல்லிவிடுங்கள்: "நீ செஞ்ச எதனாலயும் இது நடக்கல." அடக்கம், பதினாறாம் நாள் காரியம் போன்றவற்றில் என்ன நடக்கும் என்று முன்பே விளக்கி, வர விருப்பமா என்று கேளுங்கள். வந்தால் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு பெரியவரை ஒதுக்குங்கள். மூத்த பிள்ளையின் தலையில் குடும்பப் பாரத்தை அன்றைக்கே ஏற்ற வேண்டாம் என்று உறவினர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

படி 8: வீடு திரும்புவதும் பள்ளி திறப்பதும்

சேறு அள்ளுவதற்கு முன்னால் குழந்தையை வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். பெரியவர்கள் ஒருமுறை கழுவித் தள்ளிய பிறகு கூட்டிப் போய், அதன் பொருள்களில் எது தப்பியது, எது போனது என்று அதையும் வைத்துக்கொண்டே பாருங்கள். நனைந்து கூழான நோட்டாக இருந்தாலும் கேட்காமல் குப்பையில் போடாதீர்கள்.

நம் வெள்ளம் அரையாண்டுத் தேர்வு நேரத்தில்தான் வரும். 2015-இல் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போனது. பள்ளி திறந்த முதல் வாரம் ஆசிரியர்கள் செய்ய வேண்டியது: முதல் நாள் பாடம் வேண்டாம், யார் வரவில்லை என்று பார்த்து, மூன்று நாளுக்குள் வீடு தேடிப் போங்கள். சீருடையும் ஷூவும் இல்லாததற்கு வெளியே நிறுத்தாதீர்கள். புத்தகம் போனவர்களின் பட்டியலைத் தலைமையாசிரியர் வழியாக உடனே அனுப்புங்கள். சான்றிதழ் தொலைந்த பிள்ளையின் விவரம் பள்ளியின் எமிஸ் (மாணவர் விவரங்களைக் கணினியில் வைக்கும் அரசு ஏற்பாடு) பதிவில் இருக்கிறது என்று பெற்றோருக்குச் சொல்லுங்கள். பலரும் இதை நினைத்தே தூங்காமல் இருப்பார்கள். "வெள்ளத்தில் நான்" என்று கட்டுரை எழுதச் சொல்வதும் முகாமில் வரையச் சொல்வதும் ஒன்றுதான், வேண்டாம்.

வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் குடும்பங்கள் செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கும் போனார்கள். வீடு கிடைத்தது, பிள்ளைக்குப் பள்ளி, நண்பர்கள், பாட்டி வீடு எல்லாம் ஒரே நாளில் போயிற்று. கல்வி ஆண்டின் நடுவே இப்படி மாற்றினால் படிப்பை விடுகிற ஆபத்து அதிகம். ஆண்டு முடியும்வரை பழைய பள்ளிக்கே போய்வரப் பஸ் வசதி கேட்டு மனுக் கொடுப்பதும் மனநல வேலைதான்.

மழையைக் கண்டு பயப்படும் பிள்ளையைப் படிப்படியாகப் பழக்குங்கள். முதலில் ஜன்னல் வழியாகத் தூறலைப் பார்ப்பது, பிறகு வாசல்படியில் நின்று கையை நீட்டுவது, பிறகு குடை பிடித்து முனைக் கடை வரை. ஒவ்வொரு படியிலும் பயம் தணிந்த பிறகே அடுத்தது. இழுத்துக்கொண்டு போய் நனைய வைத்தால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

முகாம் மூடும்போது, தொடர்ந்து பார்க்க வேண்டிய குழந்தைகளின் பட்டியலை வகுப்பாசிரியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ நேரில் ஒப்படையுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் போய்ப் பாருங்கள். குழுவில் வேலை பார்த்தவர்களில் பலருடைய வீட்டிலும் தண்ணீர் புகுந்திருக்கும். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஷிப்ட் வேண்டாம், வாரத்தில் ஒரு நாள் கட்டாய விடுப்பு கொடுங்கள்.

அடுத்த ஆண்டு முதல் கனமழை எச்சரிக்கை வரும்போது இந்தப் பிள்ளைகளில் சிலருக்குப் பயம் திரும்ப வரும். அதற்கு முன்பே வீட்டில் ஆளுக்கொரு பை தயார் செய்ய வையுங்கள்: ஒரு மாற்றுடை, டார்ச், பெற்றோர் எண் எழுதிய அட்டை, பிளாஸ்டிக் கவரில் போட்ட பள்ளி நோட்டு, பிடித்த ஒரு பொம்மை. தண்ணீர் ஏறினால் எந்த மாடிக்குப் போவது, யார் யாரைக் கூட்டிக்கொள்வது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தே பார்த்துவிடுங்கள். பையை அடுக்குவது பிள்ளையின் வேலையாகவே இருக்கட்டும்.